தெருவுக்கு நிதி கேட்கும் முன் மட்டம் எடுங்கள்

தெருவைச் சீரமைக்க நிதி ஒதுக்கியாயிற்று என்றால் முதலில் வந்து நிற்பது ரோலர். கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தார் என்பது தெரு வேலையில் கடைசிக் கட்டம். அதை முதலில் செய்தால் எவ்வளவு பணம் கொட்டினாலும் நிற்காது.

கணக்கைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே 40 மி.மீ. போடுகிறார்கள். மூன்று முறை போட்டால் 120 மி.மீ. நடைபாதை ஓரக்கல்லின் உயரம் பொதுவாக 150 மி.மீ., மிச்சம் 30. அடுத்த மழையில் தண்ணீர் நடைபாதையில் ஏறி வாசலுக்கு வரும். வீட்டுக்காரர் வாசலை உயர்த்துவார், வண்டி ஏற்றத் தெருவிலேயே சாய்தளம் கட்டுவார். நடைபாதை அதோடு போயிற்று. அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, எஸ்டிமேட்டில் மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் வேலை, இல்லாததுதான் காரணம். 40 போடுவதற்கு முன் 40 சுரண்ட வேண்டும் என்பது அதில் தனி வரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் மட்டம் எடுக்க வேண்டும். 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் தெருவின் நடு, இரண்டு ஓரம், வடிகாலின் அடிமட்டம், மேன்ஹோல் மூடி, ஒவ்வொரு வாசற்படி என எல்லாவற்றின் உயரமும் தாளில் வர வேண்டும். இருப்பதிலேயே தாழ்ந்த வாசற்படிதான் தெருவின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். 6 மீட்டர் அகலத் தெருவுக்கு 2.5 சதவீதச் சரிவு என்றால், நடு ஓரத்தைவிட 75 மி.மீ. உயர்ந்திருக்கும். இந்த 75-ஐ விட்டுவிட்டுச் சமதளமாகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் தேங்கி ஜல்லி பெயரும்.

வடிகால் வேலை எப்போதும் தண்ணீர் போய்ச் சேரும் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். தண்ணீர் விநாடிக்கு 0.6 மீட்டராவது ஓடினால்தான் மண்ணை அடித்துக்கொண்டு போகும். சரிவு அதற்குக் குறைந்தால் வடிகால் வெறும் வண்டல் தொட்டி. நிதியைப் பகுதிவாரியாகச் சமமாகப் பிரிப்பது இங்கேதான் கெடுக்கிறது. எல்லாத் தெருவுக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் கீழ்த்தெருவில் அடைத்துக் கிடக்கும் வடிகாலோடு மேல்தெருவின் புது வடிகாலை இணைத்து என்ன பயன்? ஒரு வடிகால் பாதையை முழுதாக எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து நிலத்தடி வேலைகள். ஆழமானது முதலில்: சாக்கடை, பிறகு குடிநீர்க் குழாய், கடைசியாகக் கேபிள். குழியை மூடும்போது 150 முதல் 200 மி.மீ. அடுக்காக மண் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் உருட்டினால், சில மாதங்களில் குழி தோண்டிய கோட்டிலேயே சாலை உள்வாங்கும். தெருவைக் குறுக்கே கடக்கும் காலிக் குழாய்களையும் அப்போதே புதைத்துவிட்டால், நாளைக்குக் கேபிள் போட வருபவர் புதுச் சாலையை வெட்ட வேண்டாம்.

நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டலாம். கம்பமும் மரமும் அந்த அகலத்துக்கு வெளியே. 150 மி.மீ. உயரத்திலிருந்து இறங்க 1:12 சரிவு என்றால் சாய்தளத்தின் நீளமும் 1.8 மீட்டர், முக்கால் மீட்டரில் முடிப்பது ஏமாற்று வேலை. நடப்பவர்கள் தெருவைக் கடக்கும் இடத்தை, அதாவது கடவையை, நடைபாதை உயரத்துக்கே எழுப்புவது நல்ல யோசனை. ஆனால் தண்ணீர் வரும் பக்கத்தில், மேட்டுக்கு முன்னாலேயே வடிகால் வாய் வைக்காவிட்டால் அதுவே அணையாகிவிடும்.

தெருமுனை வளைவை அகலமாக்காதீர்கள், முனை இறுக்கமாக இருந்தால் வண்டி தானே வேகம் குறையும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் வண்டியின் ஆற்றல் 30-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. சந்தேகம் இருந்தால் முதலில் பெயின்ட், கூம்பு, தொட்டி வைத்து வெள்ளோட்டம் பாருங்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வண்டிகளைத் தடுத்து நடப்பவர்களுக்கு இடம் விட்டதையே 2009-இல் மடக்கு நாற்காலிகள் போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நிரந்தரமாக்கினார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் 1989 முதல் நகர முதலீட்டில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்கள் கூடி முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988-இல் தொடங்கிய இணைநிதித் திட்டத்தில், அதாவது குடியிருப்போர் போடும் பங்குக்கு ஈடாக நகரமும் நிதி தரும் திட்டத்தில், குடியிருப்போர் தரும் உழைப்பு நேரமும் அவர்கள் பங்காகக் கணக்கில் சேரும். எந்த வழியானாலும் அளவெடுப்புக்கும் வரைபடத்துக்கும் சிறு தொகையை முதலில் தனியாக வாங்குங்கள். வரைபடம் கையில் இல்லாமல் நிதி வந்தால், ஆண்டு முடிவதற்குள் செலவழிக்கும் அவசரத்தில் மறுபடி ரோலர்தான் வரும். நிலத்தடியில் எதிர்பாராதது கிடைக்கும் என்பதால் 10 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். வண்டல் அள்ளும் செலவு யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்ததாரருக்கான கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும். அதற்கு முன்பே ஒரு லாரித் தண்ணீரைத் தெருவின் மேல்முனையில் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேங்கிய இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களைச் சரிசெய்த பிறகே பில்லில் கையெழுத்து.