வாசலோடு திரும்பும் சொந்தக்காரர்கள்

ராமேஸ்வரம் போகிற சொந்தக்காரர்களுக்கு ராமநாதபுரம் என்றால் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிற ஊர், அவ்வளவுதான். கெஞ்சிக் கூத்தாடி அரண்மனைக்குக் கூட்டிப்போனால் வாசலோடு சரி. ஆளுக்கொரு செல்ஃபி. "பழைய பில்டிங்தானே, பார்த்தாச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள தனுஷ்கோடி போகணும், கிளம்பு மாப்ளே" என்பார் மச்சான்.

உள்ளேதானய்யா விஷயமே இருக்கிறது! போகலூரில் இருந்த தலைநகரை இங்கே கொண்டுவந்த மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய ராமலிங்க விலாசம் என்கிற அரண்மனை மண்டபம். சுவரெல்லாம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஓவியங்கள். ஒரு பக்கம் ராமாயணம், இன்னொரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, வேறொரு இடத்தில் சேதுபதியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள். டச்சுக்காரர்கள் எல்லாம் முத்துக்கும் வியாபாரத்துக்கும் இந்தக் கடற்கரையைச் சுற்றிச் சுற்றி வந்த காலம் அது. ஓவியத்தைத் தள்ளி நின்று பார்த்தால் போதாது, கிட்டே போய் நிதானமாகப் பார்க்கணும். கிட்டே போகிற ஒரே ஆள் யார் தெரியுமா? பைக் சாவியை எடுத்துச் சுவரில் ஆர்ட்டின் போட்டு, உள்ளே ரெண்டு இனிஷியல் கீறுகிற தம்பி. அவனைச் சத்தம் போட்டால், "சின்னப் பையன், விடுங்க" என்று நமக்கே புத்திமதி.

இதே ஆட்கள் ஜெய்ப்பூர் போனால் கைடு வைத்துக்கொண்டு அரைநாள் கோட்டையைச் சுற்றுவார்கள். அப்புறம் போன் போட்டு நம்மிடமே கேட்பார்கள்: "உங்க ஊர்ல ஏன்ப்பா இந்த மாதிரி ஒண்ணுமே இல்ல?"