ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் சில கணக்கு

விற்பனை வேலையை விட்டுவிட்டு மேடை நகைச்சுவைக்குப் போவது நல்ல முடிவுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆனால் எப்போது விடுவது என்று சொல்லவில்லை. இன்சென்டிவ், அதாவது விற்பனைக்கான ஊக்கத்தொகை, கைக்கு வரும் முன்னே கடிதம் கொடுத்தால் பல கம்பெனிகளில் அந்தப் பணம் போச்சு. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) வர 5 வருடம் ஆக வேண்டும். நாலரை வருடத்தில் அவசரப்படாதீங்க அண்ணாச்சி. கம்பெனி மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடியும், அதற்குள் தனிப் பாலிசி எடுத்துவிடணும்.

புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கும் ஓபன் மைக் மேடையில் கிடைப்பது 4, 5 நிமிடம். அதை வேலையில் இருந்துகொண்டே பழகலாம். திருநெல்வேலியில் சனி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் ஞாயிறு காலை எழும்பூர். ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து, சிரிப்பு வராத வரியை வெட்டுங்க.

விற்பனைக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: எதிராளி மௌனமானால் உடனே பேசி நிரப்புவார். மேடையில் அது சிரிப்பை மிதித்துவிடும். முடிச்சு வார்த்தை, அதாவது சிரிப்பை வரவைக்கும் வார்த்தை, வாக்கியத்தின் கடைசியில் விழணும், பிறகு வாயை மூடணும். நம்மூர் 'ஏலே'யை மட்டும் நம்பினால் சென்னையில் இரண்டு நிமிடம் ஓடும், அவ்வளவுதான்.

கோயில் கொடை (நம்மூர்க் கோயில் திருவிழா) மேடை வேறு ரகம். மைக்செட்காரர் பாட்டுக்கு வைத்த எக்கோவை (எதிரொலியை) அப்படியே விட்டிருப்பார். முடிச்சு வார்த்தை அதில் கரைந்துபோகும். ஏறும் முன்பே எக்கோவை நிறுத்தச் சொல்லுங்க, ஜெனரேட்டர் பக்கம் நிற்காதீங்க. முன்பணத்தையும் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் அன்றைக்கே வாங்கிடுங்க.