தூண் மேல் நிற்கும் அந்த வெள்ளை ஆன்டெனா

நான் செய்வது நில அளவை. வயலில் ட்ரைபாட் நிறுத்தி பேஸ் (அசையாமல் நிற்கும் ஜிபிஎஸ் கருவி) போட்டுவிட்டு ரோவரை (கையோடு கொண்டுபோகும் கருவி) தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது யாராவது வந்து கேட்பார்கள்: "போன்ல இருக்கிற ஜிபிஎஸ்தானே தம்பி இதுவும்?" ஆமாம், அதே செயற்கைக்கோள்கள்தான், சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. ஆனால் போன் அந்தச் சிக்னலில் வரும் குறியீட்டைப் படித்துச் சில மீட்டர் பிசகோடு இடம் சொல்லும். எங்கள் கருவி அந்த ரேடியோ அலையையே எண்ணும். ஒரு அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், அதிலும் ஒரு சிறு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். இந்த ஆன்டெனாவை ட்ரைபாடில் வைக்காமல் பாறையில் ஊன்றிய தூணில் நிரந்தரமாக நிறுத்தி, ஒவ்வொரு நாளும் 24 மணி நேரத் தரவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மில்லிமீட்டர் அளவுக்கு அந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த வருடம் பார்த்தால் தூண் அதே இடத்தில் இருக்காது. நாம் நிற்கும் இந்திய நிலத்தட்டு வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது, வருடத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கம் இமயமலைப் பகுதியில் மட்டும் சேர்கிறது. எங்கே எவ்வளவு இறுக்கம் சேர்ந்திருக்கிறது என்பதை இந்தத் தூண்கள்தான் காட்டுகின்றன.

சரி, இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

நான் நாகை மாவட்டத்துக்காரன். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது, எங்கள் கரைக்குக் கடல் வந்தது 9 மணிக்கு மேல். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் உலகத்துக்கு என்ன தெரிந்திருந்தது என்று பின்னாளில் படித்துப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. உண்மையில் அது 9.1-க்குக் குறையாத நிலநடுக்கம். எண்ணில் பார்த்தால் ஒன்றும் சொச்சமும்தான் வித்தியாசம், வெளிப்பட்ட ஆற்றலில் பார்த்தால் 40 மடங்குக்கும் மேல்.

விஞ்ஞானிகள் அசட்டையாக இருந்ததால் வந்த பிழை இல்லை இது. அன்றைக்குப் பிளவு சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் கிழிந்துகொண்டே போனது, அதற்கே எட்டு பத்து நிமிடம் ஆனது. அதிர்வுமானிகளின் முதல் அலைகளை வைத்து அவசரமாகக் கணக்குப் போட்டால் இவ்வளவு பெரிய நடுக்கம் ஒரு அளவுக்கு மேல் பிடிபடாது, எட்டும் ஒன்பதும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் நிலம் எவ்வளவு தள்ளிப் போய் நின்றது என்பதில் அந்தக் குழப்பமே வராது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் நின்றது. தாய்லாந்தின் புக்கெட் 27 சென்டிமீட்டர் நகர்ந்தது. இங்கே தென்னிந்தியா கூட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கிழக்கே போனது, நமக்குத் தெரியவே இல்லை, பெங்களூரில் இருந்த கருவிக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பிளூவிட் குழு 2006-ல் அந்த நாளின் ஜிபிஎஸ் தரவை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியது: பதினைந்து நிமிடத்துக்குள் உண்மையான அளவைச் சொல்லியிருக்க முடியும். அந்தமானில் அதற்கு முன்பே அளவெடுத்த குறிகள் இருந்தன, ஆனால் ஆட்கள் மறுபடி போய் அளந்த பிறகுதான் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தது. அளவு சரியாகத் தெரிந்திருந்தாலும் எங்கள் ஊருக்குச் சொல்ல அன்றைக்கு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கு என்னை விடுவதில்லை.

ஜப்பானைப் பாருங்கள். ஏறத்தாழ 1,300 ஜிபிஎஸ் நிலையங்கள், நாடு முழுக்க இருபது கிலோமீட்டருக்கு ஒன்று. ஆனால் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது அவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். மூன்று நிமிடத்தில் சொன்ன அளவு 7.9, மியாகியில் 6 மீட்டர் அலை வரும், இவாதேயிலும் ஃபுகுஷிமாவிலும் 3 மீட்டர் என்று முதல் எச்சரிக்கை. வந்தது 9.0. அதே நேரத்தில் ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த ஜிபிஎஸ் தூண் 5.3 மீட்டர் தள்ளிப்போய் 1.2 மீட்டர் தாழ்ந்திருந்தது! கருவி இருந்தது, அதைப் படித்து உடனே எச்சரிக்கையில் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அதன் பிறகுதான் நிகழ்நேரத்தில் கணக்கிடும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். கடலுக்கு அடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பதால் கப்பலின் இடத்தை ஜிபிஎஸ்ஸால் பிடித்து, அங்கிருந்து ஒலி அனுப்பிக் கடல் தரையில் இருக்கும் கருவியின் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படி அளந்ததில் 2011 நடுக்கத்தில் கடல் தரை 24 மீட்டர் நகர்ந்திருந்தது. 

இதைச் சொன்னால் உடனே "அப்போ நிலநடுக்கம் எப்ப வரும்னு சொல்லிடலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. 2023-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இருவர், பெரிய நடுக்கங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஜிபிஎஸ் தரவில் ஒரு தடயம் தெரிகிறது என்று எழுதினார்கள். மற்றவர்கள் நிலையங்களுக்குப் பொதுவாக வரும் இரைச்சலை நீக்கிப் பார்த்தபோது அந்தத் தடயம் கரைந்துவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வரும் எதையும் தயவுசெய்து பரப்பாதீர்கள். எங்கே இறுக்கம் சேர்கிறது என்று முன்கூட்டியே காட்டுவதும், வந்துவிட்டால் எவ்வளவு பெரியது என்று சில நிமிடங்களில் சொல்வதும், இந்த இரண்டும்தான் இந்தக் கருவியால் ஆகும். எங்கள் கரைக்கு இரண்டாவது போதும், அலை வந்து சேர இரண்டரை மணி நேரம் இருக்கிறதே.

இப்போது ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி மையம் இருக்கிறது, அந்தமான் நிக்கோபாரிலும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய நிம்மதி. நான் கேட்பதெல்லாம் அவற்றின் பராமரிப்பைத்தான். தீவில் உப்புக்காற்றில் கேபிள் அரித்துப் போகும், பேட்டரி இறங்கும், அதற்கு வருடா வருடம் பணம் ஒதுக்க வேண்டும். அப்புறம் நிலம் அளக்கவென்று நாடு முழுக்க நிறுத்தியிருக்கும் கோர்ஸ் நிலையங்களின் (இடைவிடாமல் ஓடும் ஜிபிஎஸ் தூண்கள்) தரவு, ஆராய்ச்சி மாணவர் எவரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடைக்க வேண்டும். வரப்புத் தகராறு தீர்க்கும் அதே தரவுதான் நிலத்தட்டு நகர்வதையும் காட்டும்.

போன மாதம் ஒரு மொட்டை மாடியில் அப்படி ஒரு ஆன்டெனாவைப் பார்த்தேன். ஒட்டினாற்போல் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள், பாதி வானம் மறைந்துவிட்டது. உங்கள் அலுவலக மாடியிலோ பள்ளிக்கூடத்திலோ தூண் மேல் வெள்ளையாகக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருந்தால் அதன் பக்கத்தில் தொட்டியோ தகரமோ வைக்க விடாதீர்கள், மரக்கிளை வளர்ந்து வந்தால் வெட்டச் சொல்லுங்கள். தூணை மட்டும் யாரும் அசைக்கக் கூடாது.