கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள்

ஜிபிஎஸ் உதவியோடு யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு ஜியோகேஷிங். அதை ஆடுகிறவர்களுக்கு என்று ஒரு தனிப் பாஷை உண்டு. புதிதாக வருகிறவர்கள் எஃப்டிஎஃப் என்றால் என்ன, மகிள் என்றால் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சுருக்கங்களில் ஒன்றைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம். இந்தப் பதிவே முக்கியமாக அதற்குத்தான். டிஎன்எஃப். தேடினேன், கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்த விளையாட்டிலேயே அதிகம் பயன்படக்கூடிய மூன்றெழுத்து அதுதான். அதைத்தான் எழுதக் கூச்சப்படுகிறோம்.

விளையாட்டு தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்கள் கருவியில் நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். கிளின்டன் அரசு 2000 மே முதல் வாரத்தில் அந்தப் பிழையை நிறுத்தியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். உள்ளே ஒரு நோட்டு, சில சாமான்கள், ஒரு பீன்ஸ் டின். எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வை, நோட்டில் எழுது என்பதுதான் விதி. மைக் டீக் என்பவர் முதலில் போய்க் கண்டுபிடித்தார். அந்த வாளி இப்போது இல்லை, அங்கே ஒரு நினைவுப் பலகைதான் இருக்கிறது. ஆனால் விளையாட்டு அப்படியே இருக்கிறது. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரெழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து இணையத்திலும் நாலு வரி பதிவார்கள். அந்த நாலு வரிக்குப் பெயர் லாக். மேலே சொன்ன பாஷையில் பாதி அங்கேதான் புழங்குகிறது.

எஃப்டிஎஃப் என்றால் ஒரு பெட்டியை முதலில் கண்டவர். புதுப் பெட்டி வெளியானதாக மெயில் வந்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சோடு காரை எடுக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. மகிள் என்றால் விளையாட்டைப் பற்றித் தெரியாத பொதுஜனம், ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாதவர்களுக்கு இருக்கும் பெயர். பெட்டி காணாமல் போனால் "மகிள் ஆகிவிட்டது" என்பார்கள். அந்தப் பிரயோகம் எனக்குப் பிடிக்காது. பாதி நேரம் குற்றவாளி மழை வெள்ளமாகவோ, புல்வெட்டும் இயந்திரமாகவோ இருக்கும். நாய் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. சிட்டோ என்பது போகிற வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது. எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது.

ஒளிக்கும் விதங்களுக்கும் தனிப் பெயர்கள். அமெரிக்க சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்தின் அடியில் போல்ட்டுகளை மறைக்க ஒரு தகரப் பாவாடை இருக்கும். பலருக்கு அது தூக்க வரும் என்றே தெரியாது. இரண்டு கையாலும் மேலே தூக்கினால் கம்பத்தில் உரசிக் கிறீச்சென்று ஒரு சத்தம், உள்ளே சிலந்தி வலை, மூலையில் ஒரு மாத்திரை டப்பா. எல்பிசி என்றால் அது. நானோ என்பது விரல் நுனி அளவு காந்த டப்பா. மூடியைத் திருகினால் சுருட்டிய காகித நாடா ஒன்று வெளியே வரும். விரித்துப் பெயரெழுதுவது சுலபம், திரும்பச் சுருட்டி மூடியில் அடைப்பதற்குள் உயிர் போய்விடும். காட்டுக்குள் போனால் யுபிஎஸ். இயற்கையாக விழுந்ததுபோல் இல்லாமல் யாரோ அடுக்கியதுபோல் கிடக்கும் குச்சிக் குவியல். கண் பழகிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

சரி, லாக்குக்கு வருகிறேன். இப்போது பெரும்பாலான லாக்குகளில் இருப்பது ஒரே ஒரு சுருக்கம்தான்: டிஎஃப்டிசி. இந்தப் பெட்டிக்கு நன்றி என்று அர்த்தம். நெவாடாவில் ஈடி ஹைவே மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக இருக்கும் சாலையில் ஒவ்வொன்றுக்கும் கதை எழுத முடியாது, அது புரிகிறது. ஆனால் ஒருவர் நாலைந்து வாரம் மெனக்கெட்டு, மரக்கட்டையைக் குடைந்து, மலைப்பாதையின் உச்சியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதற்கும் அதே நாலெழுத்துதான் என்றால் மனம் ஒப்பவில்லை. பழைய ஆட்கள் டிஎன்எல்என்எஸ்எல் என்று எழுதுவார்கள். எதையும் எடுக்கவில்லை, எதையும் வைக்கவில்லை, பெயர் மட்டும் எழுதினேன் என்று. அதிலாவது ஒரு தகவல் இருந்தது.

அந்த நாலெழுத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன், பெட்டி இருக்கிறது என்றாவது அது சொல்கிறதே. எதுவும் எழுதாமல் போகிறவர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நடைபாதையோரம் சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. பழைய வேலிக்கம்பத்தின் பின்பக்கம், தரையோடு ஒட்டி. கண்டுபிடிக்கும் கடினத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுவோம், இது ஒன்றரைதான். குழந்தைகளோடு வருகிறவர்களுக்காகவே அப்படி வைத்தேன். ஒரு கோடை முழுக்க யாருமே எதுவும் எழுதவில்லை. யாரும் அந்தப் பக்கம் வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு டிஎன்எஃப் வந்தது. "வேலிக்கம்பங்கள் எல்லாம் புதியவை. அடியில் சிமென்ட் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. பழைய கம்பங்களைப் பாதை முனையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அங்கேயும் பார்த்தேன், இல்லை." அவ்வளவுதான் லாக். போய்ப் பார்த்தால் அவர் எழுதியது அட்சரம் பிசகாமல் சரி. அன்றைக்கே பெட்டியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறு இடம் பார்த்து வைத்தேன்.

அடுத்து நடந்த ஒரு காபி சந்திப்பில் இதைச் சொன்னபோது அந்த மேஜையிலேயே இரண்டு பேர், "ஆமாம், நாங்களும் ஜூனிலேயே போனோம், கிடைக்கவில்லை" என்றார்கள். ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "சும்மா உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?" என்றார். நல்ல மனுஷர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் எழுதாததால் அவருக்குப் பின்னால் போன குடும்பங்களும் இல்லாத பெட்டியைத் தேடி அலைந்திருக்கின்றன.

இந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் பல. மேப்பில் கண்டதற்கு மஞ்சள் சிரிப்பு முகம், காணாததற்கு நீல அழுமூஞ்சி. வரிசையாகச் சிரிப்பு முகமாக இருக்கும் இடத்தில் நீலம் விழுவது சிலருக்கு உறுத்துகிறது. இது தேர்வு மார்க் இல்லை, யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கப் போவதில்லை. இன்னொரு தரப்பு, "திரும்பப் போய்க் கண்டுபிடித்துவிடுவேன், அப்போது எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லும். தாராளமாகப் போங்கள், ஆனால் இன்றைக்குத் தேடியதை இன்றைக்கு எழுதுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு டிஎன்எஃப் போட்டுவிட்டு மூன்றாவது தடவை கண்டுபிடித்தவரின் லாக்கைப் படிக்கிற சுகமே தனி.

உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டிய வாதம் ஹெல்த் ஸ்கோர் பற்றியது. லாக் பதியும் ஜியோகேஷிங் தளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னணியில் ஒரு மதிப்பெண் ஓடுகிறது. டிஎன்எஃப் கூடினால் அது இறங்கும், பெட்டியைப் போய்ப் பாருங்கள் என்று வைத்தவருக்கு மெயில் போகும், அதற்கும் அசையாவிட்டால் பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவர் தலையிட்டு மூடிவிடலாம். அதனால் டிஎன்எஃப் போடுவது வைத்தவரை மாட்டிவிடுவதுபோல என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் கடைசியாக எப்போது கண்டார்கள், வைத்தவர் எப்போது பராமரித்தார், எவ்வளவு கடினமான பெட்டி என்று பலவற்றையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கடினம் நாலரை என்றால் டிஎன்எஃப் வருவது இயல்பு. ஒன்றரைக்குத் தொடர்ந்து நாலு வந்தால் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மெயில் எனக்கு வர வேண்டும்.

டிஎன்எஃப் எழுதக் கூசுகிறவர்கள் சிலர் இன்னும் மோசமான ஒரு வேலை செய்கிறார்கள். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, த்ரோடவுன். தேடிக் கிடைக்கவில்லை, சரி, தொலைந்துதான் போயிருக்கும் என்று தாங்களாகவே முடிவுகட்டி, பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்து அங்கே போட்டு, அதிலேயே பெயரும் எழுதி, கண்டதாகப் பதிந்துவிடுவது. உதவி செய்ததாக வேறு நினைப்பு. பல இடங்களில் அசல் பெட்டி பத்தடி தள்ளிப் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் டப்பாவைக் கண்டுவிட்டு, மரக்கட்டையைக் குடைந்து செய்ததைப் பார்க்காமலேயே திரும்பிப் போவார்கள். வைத்தவருக்கோ எந்த லாக் எதைப் பற்றியது என்றே புரியாது. அவரே கேட்டுக்கொண்டாலொழிய இதைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு நேரம் தேடினால் டிஎன்எஃப் என்று ஒரு பழைய சண்டை உண்டு. இடத்துக்குப் போய்ச் சேர்ந்து கையை நீட்டித் தேட ஆரம்பித்துவிட்டால் அது தேடல்தான் என்பது என் கட்சி. பார்க்கிங்கிலேயே மழை பிடித்துத் திரும்பிவிட்டால் வெறும் குறிப்பு போதும். எழுதும்போது எங்கே பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், இடம் எப்படி இருந்தது என்று மூன்று விஷயம் இருந்தால் வைத்தவருக்குப் போதும். புதர் மண்டிவிட்டதா, மரம் வெட்டப்பட்டதா, கட்டட வேலை நடக்கிறதா, இதெல்லாம் அவருக்குத் தங்கம். போட்டோ போட்டால் மறைவிடம் தெரியாத கோணத்தில் போடுங்கள்.

இந்தக் கோடையில் தேடிக் கிடைக்காமல், எழுதாமல் விட்ட பெட்டி ஏதாவது இருந்தால் இன்றைக்குக்கூட எழுதலாம். லாக்கில் தேதியை மாற்ற வழி இருக்கிறது, போன நாளையே போட்டுக்கொள்ளுங்கள்.