மெட்ரோ பாதையோட கோடியை நீட்டிட்டீங்க, நடுவுல நிக்கிறவன் எதுல ஏறுறது?

நேத்து புது நீட்டிப்பைத் திறந்தாச்சு. இன்னைக்குக் காலைல என்னால மெட்ரோல ஏற முடியல.

நடு ஸ்டேஷன்ல ஏறுறவங்களுக்கு விளக்கவே வேணாம். வண்டி வருது, கதவு திறக்குது, இறங்க ஒரு ஆள் இல்ல. கண்ணாடில கன்னம் அழுந்த நிக்கிறாங்க. எனக்கு முன்னாடி நின்ன அம்மா ஒரு காலை உள்ள வெச்சுட்டாங்க, பை வெளியில. கதவு வந்து பையில இடிச்சுத் திறந்துச்சு. மறுபடி மூடுச்சு, மறுபடி திறந்துச்சு. "கதவை விட்டு விலகி நிற்கவும்"னு ஸ்பீக்கர் கத்துது. எங்கய்யா விலகுறது? பின்னாடி படிக்கட்டு வரைக்கும் ஆள். உள்ளேர்ந்து ஒருத்தர் "அடுத்த வண்டில வாம்மா"ங்கிறார். "அதுவும் இப்படித்தான வரும்"னு இவங்க கத்துறாங்க. கடைசில காலையும் பையையும் வெளிய இழுத்துக்கிட்டாங்க, கண்ணு கலங்கிப்போச்சு. இந்தக் கதவு அடைக்கிற வரைக்கும் பின்னால வந்த வண்டி சுரங்கத்துலயே நின்னுச்சு.

கோடியில ஸ்டேஷன் கட்டினா அங்கயே வண்டி ரொம்பிடும்னு திட்டம் போட்டவங்களுக்குத் தெரியாதா? பாதை நீண்டா ஒரு வண்டி போய்த் திரும்பவே கூடுதல் நேரம் ஆகும். வண்டிக்கு வண்டி பழைய இடைவெளியைக் காப்பாத்தவே புது வண்டி வேணும். கூட்டமும் ஏறினா இன்னும் வேணும். இங்க அதே வண்டிகளை நீட்டின பாதையில பரப்பி விட்டிருக்காங்க.

வண்டி வாங்கினா மட்டும் போதாது, சிக்னலும் மாறணும். பழைய முறையில தண்டவாளத்தைத் துண்டு துண்டா பிரிச்சிருப்பாங்க. முன்வண்டி ஒரு துண்டைக் காலி பண்ணாத்தான் பின்வண்டி அதுல நுழையலாம். புது முறையில ஒவ்வொரு வண்டியும் தான் எங்க இருக்கேன்னு ரேடியோல சொல்லிக்கிட்டே ஓடும், நெருக்கி விடலாம். லண்டன்ல விக்டோரியா லைன் 1968-ல திறந்தது. சிக்னலையும் வண்டியையும் மாத்தி, 2017-லேர்ந்து நெரிசல் நேரத்துல மணிக்கு 36 வண்டி, 100 விநாடிக்கு ஒண்ணு விடுறாங்க. பாரிஸ்ல 1900-ல திறந்த 1-ம் லைனை, பெரும்பாலும் ராத்திரி வேலை பார்த்தே ஓட்டுநர் இல்லாத பாதையா மாத்தி 2012-ல முடிச்சுட்டாங்க. நூறு வருஷப் பாதையிலயே முடியுதுன்னா இங்க ஏன் முடியாது? சிக்னல் மாத்துறது யார் கண்ணுக்கும் தெரியாது. அதான் அதுக்குப் பணம் கடைசிலதான் வருது.

பெட்டியைக் கூட்டச் சொன்னா பிளாட்பாரம் பத்தாதாம். சுரங்க ஸ்டேஷனைப் பின்னாடி நீட்டுறது பெரும்பாடுன்னு கட்டும்போதே தெரியும்ல? அன்னைக்கே நீளமா தோண்டியிருக்கணும்.

இதுல அந்த எஸ்கலேட்டர் வேற! இறங்குறது ஓடுது, ஏறுறது எப்பப் பாரு பழுது. முட்டி வலியோட பெரியவங்க அத்தனை படியும் ஏறுறாங்க. சிக்னலுக்கு வருஷம் ஆகும், சரி. இதுக்குமா?