மினாக்சிடில் தொடக்க உதிர்வு: ஒரு திருத்தம்

முடி உதிர்வைக் குறைத்து வளர்ச்சியைத் தூண்டத் தலைத்தோலில் தடவும் மருந்து மினாக்சிடில். "மினாக்சிடில் தடவத் தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்தாகக் கொட்டினால் மருந்து வேரையே அழிக்கிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள்" என்று சிலர் சொல்வது சரியன்று. தலையில் எந்நேரமும் ஒரு பகுதி முடி ஓய்வுநிலையில் இருக்கிறது. எப்படியும் சில மாதங்களில் விழவேண்டிய அந்த முடிகளின் ஓய்வுக்காலத்தை மருந்து சுருக்கிப் புதிய வளர்ச்சியைத் தூண்டுவதால், அவற்றில் பல ஒரே சமயத்தில் வெளியேறுகின்றன. பெரும்பாலும் 2 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்கும் இவ்வுதிர்வு, தொடர்ந்து பயன்படுத்தும்போது சில வாரங்களில் தணிகிறது. சீப்பில் சிக்கிய முடியின் அடிமுனையில் வெண்ணிறக் குமிழைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது ஓய்வுநிலை முடியின் அடிப்பகுதியே, புதிய முடியை உருவாக்கும் நுண்ணறை தோலுக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் உதிர்ந்ததும் உதிர்ந்து, மருந்தின் பயனும் கிட்டாமல் போகும்.

அதற்காக, அதிகம் கொட்டினால் அதிகம் முளைக்கும் என்று வேறு சிலர் (நல்லெண்ணத்தில்தான்) கூறும் ஆறுதலையும் ஏற்பதற்கில்லை. உதிர்வே இல்லாமல் பலன் பெறுவோரும் உண்டு. பலனை மதிப்பிட 4 முதல் 6 மாதமாவது தேவை. அளவைத் தாமாகக் கூட்டுவது உதவாது. உதிர்வு 3 மாதத்தைத் தாண்டினாலோ, வட்டவட்டமாக விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து எரிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும்.