திட்டு வாங்குபவளுக்கு எதற்கு வகுப்பு?

'செவிலியர்களுக்கு மன உறுதிப் பயிற்சி' என்று பேனர் கட்டியிருந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நைட் டூட்டி முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்து, காட்பாடி பஸ்ஸுக்கு ஓட வேண்டியவளை உட்கார வைத்து மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் அந்த வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் வேறு சிலர்.

எங்கள் வேலூர் ஆஸ்பத்திரியால் வளர்ந்த ஊர். இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1909லேயே இங்கே நர்ஸ் பயிற்சி வந்துவிட்டது. இன்றைக்கு காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளமும் ஜார்க்கண்டும்தான் தங்கியிருக்கின்றன. நிலத்தை அடகு வைத்துவிட்டு ரயிலேறி வந்தவர் கவுன்ட்டரில் கத்தினால் எனக்குக் கோபம் வருவதில்லை. அது பயம். வெளியாள் கை வைத்தால் கேட்க 2008லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டாகிவிட்டது.

உள்ளே இருப்பவர் வாய் வைத்தால்?

ரவுண்ட்ஸில், நோயாளி பார்த்துக்கொண்டிருக்க, கேஸ் ஷீட்டை டிராலி மேல் வீசி, "நீயெல்லாம் படிச்சிட்டுத்தான் வந்தியா?" என்பார் பெரிய டாக்டர். வாங்கிக்கொண்ட சிஸ்டர் அதை ஸ்டூடண்ட் மேல் இறக்குவார். ஸ்டூடண்ட் ஆயாம்மா மேல். ஆயாம்மா கடைசியில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் தாத்தாவிடம் சிடுசிடுப்பார்.

அப்படித் திட்டு வாங்கிய ஒரு பெண் அடுத்த பெட்டுக்கு இன்சுலின் ஏற்றுவதைப் பார்த்தேன். குப்பியில் மில்லிக்கு 100 யூனிட் மருந்து. கையில் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சு. அவளுக்கே சந்தேகம். டாக்டர் பக்கம் ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நான் போய்ச் சிரிஞ்சை வாங்கினேன். அது உள்ளே போயிருந்தால் இரண்டரை மடங்கு மருந்து.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து இதைச் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். பொம்மைக் குழந்தைக்கு வைத்தியம். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவர் அவர்கள் நாட்டு மருத்துவத்தின் தரத்தை மட்டமாகப் பேசினார். அவ்வளவுதான், அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சறுக்கின, கைவேலையிலும் சறுக்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதாம். பேச்சு அவர்களைத் திட்டியதுகூட இல்லை!

"கண்டிப்பு இல்லாட்டி வார்டு உருப்படுமா?" என்று கேட்பவர்களுக்கு: கண்டியுங்கள், ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கண்டியுங்கள். ஒரு நைட்டுக்கு எத்தனை நோயாளிகளை ஒருத்தி தலையில் கட்டுகிறீர்கள் என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜன், கத்தியைக் கையில் எடுக்கும் முன் தியேட்டரில் எல்லாரையும் பார்த்து, "நான் தப்பா எதாவது பண்ணா யாரா இருந்தாலும் சொல்லுங்கம்மா" என்பார். கறாரான ஆள்தான், உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் கணக்கில் ஒன்று இடித்தாலும் தையல் போட விடமாட்டார். அவருடைய ஆபரேஷன் லிஸ்ட் அன்றைக்கு டூட்டி வேண்டும் என்று சிஸ்டர்கள் இன்சார்ஜிடம் சண்டை போடுகிறார்கள்.